கல்லின் மேல் நில்லுங்கள்

1

இந்தக் கதை எனக்கு உதித்தது அல்ல. ஒரு கட்டுரை எழுத வராமல் போனதில் மிஞ்சியது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே ஒப்புக்கொண்டுவிடுவது மேல்.

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நல்ல மனிதர். நாம் எழுதியதை வெட்டும்போதுகூட வருத்தப்பட்டுக்கொண்டே வெட்டுவார்.

“சார், உடல்நலச் சிறப்பிதழ் போடுறோம். லைக்கன் பத்தி ஒரு கட்டுரை வேணும். மலைமேல தரையில வளருதாமே, அந்த வகை.”

“எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதே.”

“அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். தெரிஞ்சவங்க எழுதினா புரிய மாட்டேங்குது. சுற்றுச்சூழல் லேசா தொட்டுக்கங்க. மருத்துவப் பயன் மட்டும் தூக்கலா இருக்கட்டும்.”

“எவ்வளவு தூக்கலா?”

“படிச்சு முடிச்சதும் எந்திரிச்சுப் போய் வாங்கணும்னு தோணணும்.”

“அது கடையில கிடைக்காதுன்னு நினைக்கிறேன்.”

“சரி, தேடணும்னாவது தோணட்டும்.”

முடியாது என்று சொல்ல வராத வாய் எனக்கு. ஒத்துக்கொண்டேன். இந்த லைக்கன்களையே கட்டிக்கொண்டு காலம் தள்ளும் ஓர் ஆய்வாளர் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறை. அலமாரி முழுக்கக் காகிதப் பொட்டலங்கள். நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஆடை கட்டிப்போன தேநீர். நான் எடுத்த எடுப்பில், வந்த காரியத்தைக் கேட்டேன்.

“இது புண்ணை ஆத்துமாமே?”

“யார் சொன்னா?”

“பேப்பர்ல வந்திருந்துச்சு.”

“அந்தப் பேப்பர் எங்க அக்கா கைக்கும் வந்துச்சு” என்றார் அவர். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

என் கட்டுரை அந்த நாற்காலியிலேயே உயிரை விட்டது.

2

எப்படி ஆரம்பிப்பது என்று நான் பட்ட பாடு:

‘மலையுச்சியில் பனி விலகிக்கொண்டிருந்தது. யாரும் காணாத அந்தத் தரையில், மௌனமாக ஒரு’

வேண்டாம். ‘மௌனமாக’ என்ற சொல் வந்தாலே நான் பொய் சொல்லப்போகிறேன் என்று அர்த்தம்.

‘லைக்கன் என்பது ஒற்றை உயிர் அல்ல. பூஞ்சையும் பாசியும் ஒன்றையொன்று பிரியாமல் கூடி வாழும் இனிய இல்லறமே’

இதை ஆய்வாளரிடமே படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “எல்லாரும் இதைத்தான் எழுதுறாங்க. பூஞ்சை வீடு கட்டுது, பாசி சமைச்சுப் போடுது. அதுவரைக்கும் சரி. யாரு யாரை வீட்டுல பூட்டி வச்சிருக்காங்கன்னுதான் எங்களுக்கு இன்னும் முடிவாகல.” [இல்லறம் என்ற சொல்லை அடித்தேன். பிறகு, அவர் சொன்னதும் இல்லறம்தானே என்று தோன்றியது. இருந்தாலும் அடித்தது அடித்ததுதான்.]

(அடிக்குறிப்பு, பக்கத்தின் அடியில் இடம் இருக்குமா என்று தெரியாததால் இங்கேயே: மசாலாக் கடையில் கல்பாசி என்று பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதுவும் லைக்கன்தான். அது மரத்திலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு வாழும். நம் கதையில் வருவது அதன் ஏழைப்பட்ட உறவு. வெறும் தரையில் கிடக்கும், வாசனையும் கிடையாது.)

மூன்றாவது தொடக்கம் இது. இதுதான் நின்றது:

‘அவள் குனிந்த தலை நிமிராதவள்.’

3

பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளுடைய அம்மா பெருமையாகச் சொன்ன வாசகம் அது. அடக்கம் என்ற பொருளில் சொன்னார். அது வேலை நிமித்தம் என்று வந்தவர்களுக்கு மெதுவாகப் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போன அன்று, அவர்களுடைய சுற்றுச்சுவரின் அடியிலேயே மணமகள் மண்டியிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்ததும் அந்தச் சம்பந்தம் முடிவுக்கு வந்தது. அவள் அதற்காக அழுததாகத் தெரியவில்லை. அந்தச் சுவரில் ஒரு நல்ல மஞ்சள் நிற லைக்கன் இருந்ததாம்.

(கவனித்திருப்பீர்கள். ஆய்வுக்கூடத்தில் ‘அவர்’, கதைக்குள் ‘அவள்’. தமிழில் ஒருவரைக் கதாபாத்திரம் ஆக்க வேண்டுமென்றால் முதலில் மரியாதையைக் கழற்றி வாசலில் வைக்க வேண்டியிருக்கிறது. நேரில் பார்க்கும்போது திரும்ப மாட்டிக்கொள்வேன்.)

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் ‘குனிஞ்ச மேடம்’ என்று பெயர். கதையில் ஓர் அக்கா வரப்போவதால் நாம் தங்கை என்றே கூப்பிடுவோம்.

மரங்கள் முடிந்துபோகும் உயரத்துக்கும் மேலே, காற்று மட்டும் குடியிருக்கும் ஒரு சரிவில் தங்கையின் ஆய்வு நிலம் இருந்தது. கயிறு கட்டிய சதுரம். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சாம்பலைக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். குனிந்தால்தான் தெரியும்: பொம்மைக் கிண்ணங்கள், மான்கொம்புகள், பவழக் கிளைகள் எல்லாம் சாம்பல் பச்சையில் விரல் நகம் உயரத்துக்கு நெருக்கியடித்து நிற்கும். வெயிலில் காய்ந்து மொரமொரவென்று செத்ததுபோலக் கிடக்கும். மூடுபனி தொட்ட சற்று நேரத்தில் ஈரத்துணிபோல இளகி உயிர்பெற்றுவிடும். வேரே கிடையாது. வேரில்லாத அதுதான் அந்தச் சரிவின் மண்ணை மழைக்குக் கரையாமல் பிடித்துவைத்திருந்தது. காற்றில் பறந்துவரும் விதைக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கும் அங்கே அது ஒன்றே தங்கும் இடம். வளர்வது மட்டும் சோம்பேறித்தனம். வருடத்துக்கு ஓர் அரிசி அகலம் வளர்ந்தால் அது அமோக விளைச்சல்.

அதனால் தங்கை அங்கே தரையில் கால் வைக்க மாட்டாள். கல்லுக்குக் கல் தாவித்தான் நடப்பாள். ஒரு தடவை மிதித்தால், மிதித்தவருக்கு நரை விழும் காலத்தில்கூட அந்தத் தடம் ஆறியிருக்காது. வருகிறவர்கள் யாராக இருந்தாலும், துறைத் தலைவராகவே இருந்தாலும், அவள் சொல்லும் முதல் வார்த்தை ‘கல்லு மேல நில்லுங்க’ என்பதுதான். வாங்க என்பதெல்லாம் பிறகு.

4

இனி மருத்துவம். ஆசிரியர் சந்தோஷப்படலாம்.

தங்கையோடு வேலை செய்யும் வேதியியல்காரர் ஒருவர் அந்த லைக்கனிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் அதை ஒரு துளி வைத்தார். மறுநாள் பார்த்தால் துளியைச் சுற்றி வட்டமாக, கோலிக்குண்டு அளவுக்குச் சுத்தமான இடம். கிருமி அங்கே எட்டிப் பார்க்கவில்லை. பல மருந்துகளுக்கு மசியாத கிருமி அது. இருவரும் அந்த வட்டத்தை ஆளுக்கொரு முறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு என்னென்ன சோதனை பாக்கி என்று பேச ஆரம்பித்தார்கள். நிறைய பாக்கி இருந்தது. குடித்தால் அதே அமிலம் கல்லீரலைப் பதம் பார்க்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆய்வுக்கூடத்தின் செய்திப் பிரிவு இளைஞர் அவ்வளவு நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. ‘மலைத்தரை லைக்கனில் புண் ஆற்றும் மருந்து?’ என்று தலைப்பு வைத்தார்.

“இது தப்பு” என்றாள் தங்கை.

“கேள்விக்குறி போட்டிருக்கேனே மேடம்.”

காலையில் இருந்த கேள்விக்குறி, கைபேசி கைபேசியாகத் தாவியதில் மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிட்டது. சாயங்காலம் அந்த இடத்தில் ஆச்சரியக்குறி முளைத்திருந்தது. கூடவே ஒரு படம். மலைச்சரிவில் ஒருத்தி மண்டியிட்டு இருக்கிறாள், முகம் தெரியவில்லை.

5

முகம் தெரியாவிட்டால் என்ன, அக்காவுக்கு முதுகு போதும்.

அக்கா தையற்கடை வைத்திருந்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, நீளவாக்கில் ஓர் அறை. காலால் மிதிக்கும் பழைய மிஷின். மோட்டார் வைத்தால் துணி தன் பேச்சைக் கேட்பதில்லை என்பது அவள் கட்சி. சர்க்கரை வந்து சில வருடங்களாகப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தது. கடையில் கீழே கிடந்த ஊசி ஒன்று உள்ளே ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை. காலுறை ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் புண்ணாகி, புண் ஆழமாகி, இரண்டு விரல்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

தங்கை கடைக்குப் போனபோது அக்கா காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கைபேசியை நீட்டினாள்.

“இது நீதானே?”

“நான்தான்.”

“புண்ணு ஆறும்னு போட்டிருக்கு.”

“அது அப்படி இல்லக்கா. ஆய்வுக்கூடத்துல, ஒரு தட்டுல…”

“ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கே. கூடப் பொறந்தவகிட்ட சொல்ல வாய் வரலையா உனக்கு?”

“அக்கா, தட்டுல பினாயில் ஊத்தினாக்கூட அந்தக் கிருமி செத்துரும். அதுக்காகப் பினாயிலைக் கொண்டுவந்து உன் கால்ல ஊத்தட்டுமா?”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அப்ப இத்தனை வருஷமா பினாயில் கண்டுபிடிக்கவா மலை ஏறினே?”

(கதாசிரியன் என்ற சலுகையைப் பயன்படுத்தி இதற்கு ஒரு நல்ல பதிலைத் தங்கை வாயில் வைக்கலாம் என்று பார்த்தேன். ‘அறிவியல் என்பது’ என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதினேன். அக்கா அதைக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.)

6

அக்காவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அறுவை மருத்துவர் சுற்றி வளைக்கிறவர் அல்ல. இரண்டு விரல்களை எடுத்துவிட வேண்டும் என்றார். அக்கா முடியாது என்றாள். மருத்துவர் நடைபாதைக்கு வந்து தங்கையிடமும் அத்தானிடமும் தனியாகப் பேசினார்.

“விரலோட போறதை முழங்கால் வரைக்கும் இழுத்துக்காதீங்க. நாளைக்குக் காலையில எனக்குப் பதில் வேணும்.”

அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறுக்கும் ஏதோ ஓர் உதிரிபாகம் உண்டு, அது எங்கோ ஒரு கடையில் தூசி படிந்து கிடக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நம்பியே தொழில் செய்தவர். பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டு என்று ஒருவர் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, லிஃப்ட் மேலும் கீழும் போய்வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அக்கா பிடித்த பிடியில் இருந்தாள்.

“உன் பாசியைக் கொண்டா.”

“அது பாசி மட்டும் இல்லக்கா, பூஞ்சையும்…”

“ஏதோ ஒண்ணு. கொண்டுவந்து வச்சுப் பாரு. அப்புறம் வெட்டிக்கட்டும். ஒண்ணுமே செஞ்சு பாக்காம என் காலை எடுக்கிறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டுலயே வைத்தியத்தை வச்சுக்கிட்டு, வெளியே போய்க் காலைக் குடுத்துட்டு வந்தாங்கிற பேரு எனக்கு வேணாம்.”

தங்கை ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரு கைப்பிடி கொண்டுவருவது. புண்ணில் படாமல் கட்டுக்கு மேலே ஒரு துணியில் முடிந்து வைப்பது. வச்சுப் பாத்தாச்சு, கேக்கல என்று சொல்வது. கையெழுத்தை வாங்குவது. வாழ்நாளில் ஓர் அளவைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவள், மருத்துவமனை நடைபாதையில் நின்று ஒரு முழுப் பொய்க்குத் திட்டம் போட்டாள். போட்டதும் அது நல்ல திட்டமாகவே இருந்ததில் அவளுக்கே அதிர்ச்சி.

“அத்தான், வண்டியை எடுங்க. மலைக்குப் போகணும்” என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை அவள் பார்க்காமல் விட்டுவிட்டாள். வழக்கம்போலக் குனிந்திருந்தாள்.

7

இந்தப் பகுதியைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம் உண்டு. கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு நடந்ததை நடந்தபடி.

லிஃப்ட் கம்பெனி வேனில் சாலை முடியும்வரை போய், பிறகு நடந்தார்கள். அத்தான் கனமான வேலைப் பூட்ஸ் போட்டிருந்தார். மூச்சு வாங்கியும் நிற்கவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்: ஒரு கைப்பிடி போதுமா, அரைச்சு வைக்கணுமா, ஊற வைக்கணுமா, புடிச்சுச்சுன்னா எத்தனை நாள்ல விரல் பழைய நிறத்துக்கு வரும். தங்கை ம் கொட்டினாள். மூச்சு வாங்குவதால் பேசவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மேலே மூடுபனி இறங்கியிருந்தது. கயிறு கண்ணில் பட்டதும் அத்தான் அவளை முந்திக்கொண்டார். “எங்கே? இதுலயா இருக்கு?” என்று கயிற்றைத் தாண்டி நாலைந்து எட்டு வைத்துவிட்டார். பூவையோ இலையையோ தேடி நாலாபக்கமும் பார்த்தார்.

“கல்லு மேல நில்லுங்க!”

அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. அங்கேயே உறைந்து நின்றார்.

“காலடியில பாருங்க. நீங்க நிக்கிறதுதான் அது.”

அத்தான் பார்த்தார். பூட்ஸின் கீழே நசுங்கியது போக, ஓரத்தில் சிறு கிண்ணங்கள் ஈரத்தில் பளபளத்தன. “இதுவா?” என்றார். மெதுவாக, பின்னால் ஒரு காலை எடுத்துக் கல்லைத் தேடி ஏறிக்கொண்டார். பெரிய ஆள், சின்னக் கல். இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

“இது நிஜமாவே ஆத்தும்ல?”

தங்கை கத்தியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பொய்யை அக்காவுக்காகத் தயார் செய்து வைத்திருந்தாள். அத்தானுக்கென்று ஒன்று வேண்டியிருக்கும் என்று யோசிக்கவில்லை.

“ஆத்தாது அத்தான்.”

“அப்புறம் எதுக்கு வந்தோம்?”

“அவளைச் சம்மதிக்க வைக்க.”

அவர் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தார். ஏறி வந்த உயரம் முழுவதும் அப்போதுதான் அவர் மேல் இறங்கியது. கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்:

“என்கிட்டயாவது பொய் சொல்லியிருக்கலாம்ல.”

தங்கை மண்டியிட்டாள். கத்தியை ஒரு திட்டின் ஓரத்தில் வைத்தாள். அந்தத் திட்டை அவள் மாணவியாக வந்த வருடத்திலிருந்து அளந்துகொண்டிருக்கிறாள். அதன் ஒவ்வொரு மடிப்பும் அவளுக்குத் தெரியும்.

[‘கண்களை மூடிக்கொண்டு அவள் வெட்டினாள்.’ இந்த வாக்கியத்தை நான் எழுதியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வாளரிடம் காட்டியபோது, “அப்படி நடக்கல. எழுதாதீங்க” என்றார்.]

அவளால் முடியவில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான். அக்காவின் காலுக்காகக்கூட வரவில்லையே என்ற நினைப்பு வந்ததும் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. திரும்பியபோது அத்தானின் பூட்ஸ் தடம் கண்ணில் பட்டது. அதனுள் நசுங்கிப் பிய்ந்த துண்டுகள். இது எப்படியும் போனதுதான் என்று நினைத்தாள். கத்தியை மடித்துப் போட்டுவிட்டு, அந்தத் துண்டுகளை விரலால் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டாள். அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் இறங்கினார்கள்.

8

அன்று சாயங்காலம் வார்டில் என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

தங்கை சொன்னது: டப்பாவை அக்காவின் கையில் கொடுத்தாள். சொல்ல வேண்டிய பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. “இது உனக்குக் கேக்காதுக்கா. உன்னை ஏமாத்தத்தான் கொண்டுவந்தேன். தயவுசெஞ்சு கையெழுத்துப் போடு” என்று சொல்லி அழுதுவிட்டாள். அக்கா போட்டாள்.

அத்தான் சொன்னது (தையற்கடை வாசலில் அவரைப் பிடித்தேன், கதவின் கீல் ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்): “அழுகையா? நல்லா சொன்னீங்க போங்க. அது பேசின பேச்சுல நானே நம்பிட்டேன் சார். ராத்திரி கட்டுமேல வச்சுது. காலையில எடுத்துப் பாத்துட்டு, பாதி கிருமியை இது கொன்னுருச்சு, மீதியை டாக்டர் பாத்துக்குவாருன்னு சொல்லிச்சு. படிச்சவங்க பொய் சொன்னா எவ்வளவு சுத்தமா இருக்கு!”

எதை எடுத்துக்கொள்வது? முதலாவதில் என் நாயகி நேர்மையானவள். இரண்டாவதில் கெட்டிக்காரி. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவதா, அவரைப் பற்றி அடுத்தவர் ரசித்துச் சொல்வதை நம்புவதா? இரண்டையும் கலந்து, அழுதுகொண்டே பொய் சொன்னாள் என்று எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதுவே சந்தேகமாகவும் இருந்தது.

இரண்டு கணக்கிலும் ஒத்துப்போவது ஒன்றே. அக்கா கையெழுத்துப் போட்டாள். விரல்கள் இரண்டு போயின. கால் தங்கியது.

9

மூன்றாவது சாட்சியைத் தேடிக் கடைக்குள் போனேன். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று நீளம் குறைக்க ஒரு கால்சட்டையையும் எடுத்துப்போனேன். அது உண்மையிலேயே நீளம்.

அக்கா நிமிர்ந்து உட்காரும் பெண்மணி. புண் முழுக்க ஆறியிருந்தது. மிஷினை இப்போது மற்றக் காலால் மிதிக்கப் பழகிவிட்டதாகச் சொன்னார். மோட்டார் பற்றிய அபிப்பிராயம் மாறவில்லை. நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அன்றைக்குத் தங்கை என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“அவ என்ன சொன்னாளோ, யாருக்குத் தெரியும்? நான் எங்கே கேட்டேன்?”

“உண்மையைச் சொன்னாங்களா, இல்ல…”

“சார், நான் டப்பாவைப் பாத்துட்டு இருந்தேன். அவ பாட்டுக்கு ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தா.” இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே சருகாகச் சுருண்ட சாம்பல் துணுக்குகள். துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து அதன்மேல் ஒருமுறை அடித்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவை மெல்ல விரிந்து பச்சை காட்டின. “சாகவே மாட்டேங்குது பாருங்க. யாருகிட்டயும் இதுதான் அந்த மருந்துன்னு சொல்றதில்ல. சொன்னா கேட்டு வாங்கிட்டுப் போயிருவாங்க.”

“அப்ப எதுக்காகச் சம்மதிச்சீங்க?”

அவர் கால்சட்டையை உதறி மேசையில் பரப்பினார்.

“ஒரு தடவை என்னை அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போனா. அப்ப எனக்குக் கால் நல்லா இருந்துச்சு. ஆசையா வந்தவளைப் போய்ச் சேர்ந்ததுலேருந்து கல்லு மேலயே நிக்க வச்சா சார். ஒரு எட்டு கீழ வைக்க விடல. சொந்த அக்கா! எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு மாசம் பேசல. அப்பேர்ப்பட்டவ எனக்காக அதைக் கத்தியால வெட்டி எடுத்துட்டு வந்திருக்கா. அவளுக்கு அது தன் விரலை வெட்டுற மாதிரி. அவளே வெட்டிட்டா, நான் என்ன பெரிய இவ? வெட்டிக்கட்டும்னுட்டேன்.”

குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பில் குத்தி முடித்தார்.

“எழுதினா கொண்டுவந்து குடுங்க. நான் படிக்கணும்.”

10

சங்கடம் புரிந்திருக்கும்.

அக்கா கொடுத்த காரணத்தை ஏழாம் பகுதி தின்றுவிடுகிறது. கத்தி மடிக்கப்பட்டுப் பையில் கிடந்தது. டப்பாவில் இருந்தது அத்தானின் பூட்ஸ் விட்டுவைத்தது.

தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“உங்க அக்காவுக்கு அது தெரியாதா?”

“அவ கேக்கல. நான் சொல்லல.”

“கதையில வருதே.”

“அது உங்க பாடு. நான் மலைக்குக் கிளம்பிட்டு இருக்கேன்” என்றார். அத்தானின் தடத்தைச் சுற்றி இப்போது தனியாக ஒரு கயிறு கட்டியிருக்கிறாராம். மிதிபட்ட லைக்கன் மீள எவ்வளவு காலம் ஆகும் என்ற ஆய்வு. அத்தானுக்கு அறிவியலில் இடம் கிடைத்துவிட்டது, காலணி அளவோடு. மலையில் மக்கள் நடமாட்டம் கூடிவிட்டது, செய்தியைப் படித்துவிட்டுப் பையோடு வருகிறார்கள் என்றும் சொன்னார். கயிறு கட்டிய இடத்தில்தான் நல்ல சரக்கு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்று யோசிக்கிறாராம்.

அத்தானிடமும் கேட்டேன். “அந்த பூட்ஸ் சமாச்சாரத்தை எடுத்துருங்க சார். எனக்காகச் சொல்லல” என்றார். பிறகு, “எனக்காகவும்தான்” என்றார்.

பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டிருக்கக் கூடாது. “பூட்ஸ் இருக்கட்டும், போகட்டும். பயன்கள்னு ஒரு பெட்டிச்செய்தி வருமா வராதா?” என்றார்.

ஆகவே இரண்டு பிரதிகள் அச்செடுத்திருக்கிறேன். ஒன்றில் ஏழாம் பகுதி நீங்கள் படித்தபடியே இருக்கிறது. மற்றதில், எனக்குப் பிடித்த அந்த வாக்கியம் திரும்ப வந்திருக்கிறது: கண்களை மூடிக்கொண்டு அவள் வெட்டினாள். தங்கைக்குப் பொய் சொல்ல வந்ததோ வராததோ, நான் அவளைவிடச் சுத்தமாக ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அச்சில் வேறு.

மூன்றாவதாக ஒரு வழியும் தோன்றியது. வெட்டினதற்கும் பிய்ந்ததற்கும் வித்தியாசம் தெரியாத தையற்காரி உண்டா? டப்பாவைத் திறந்த அன்றே அந்த ஓரங்களைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, வெட்டினதாகவே வைத்துக்கொள்வோம் என்று தனக்குத்தானே முடிவு செய்திருப்பார். இப்படி இருந்தால் எந்தப் பிரதியைக் கொடுத்தாலும் பாதகமில்லை. எனக்கு மிகவும் வசதியான முடிவு. வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. லைக்கன் துணியும் அல்ல.

இப்போது கடையில் நிற்கிறேன். கால்சட்டை மடித்துத் தயாராக இருக்கிறது. பைக்குள் இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. எதை எடுக்கிறேன் என்று பார்க்காமலேயே ஒன்றை எடுத்து நீட்டிவிட்டேன். அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இருங்க, இப்பவே பாத்துடுறேன். கண்ணாடியை எங்கே வச்சேன்?”

இழுப்பறையைத் திறந்து பார்க்கிறார். துணி அடுக்கைத் தூக்கிப் பார்க்கிறார். கண்ணாடி மிஷினுக்குப் பின்னால், நூல்கண்டுகளுக்கு நடுவே கிடக்கிறது. அவர் இருக்கும் இடத்திலிருந்து தெரியாது. எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் இப்போது தெரியும்.

“கொஞ்சம் தேடிக் குடுங்களேன்” என்கிறார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.